உரக்கக் கேட்ட கேள்வி

முப்பத்தேழு வயதில், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, புத்தி தெளிவாக இருக்கும்போதே, நான் கப்பல் கேப்டன்களின் காதுகளைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய இரண்டு வருடம்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய துறைமுகத்தில் ஆழம் போதாது; கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணியில் போகும், நான் லாஞ்சில் போவேன். கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா. கேப்டன் கையெழுத்துப் போடக் குனியும்போது அவருடைய காது என் கண்ணுக்கு நேரே வரும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் நான் உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டு அத்தனை தூரம் போனேன் என்பது எங்கள் மானேஜருக்குத் தெரியாது. கடமையுணர்ச்சி என்று நினைத்திருந்தார்.

என் காதில் மடல் தொங்காது, கன்னத்தோடு ஒட்டியிருக்கும். மேல் விளிம்பில், காகிதத்தின் முனையை மடித்தது போல ஒரு சிறு கூர். அம்மா வழியில் யாருக்கும் அப்படி இல்லை. கல்யாண வீடுகளில் பந்தி பந்தியாக நடந்து சரிபார்த்திருக்கிறேன். ஆகவே காது அப்பா வழி. அப்பா யார் என்று தெரியாது. வெள்ளைக்காரர் என்பது மட்டும் தெரியும். அதுவும் யாரும் சொல்லித் தெரிந்ததல்ல, முகம் பார்க்கும் கண்ணாடி சொன்னது. இருந்தால் வயதாகி வீட்டோடு இருப்பார். ஆனால் அவருக்கு ஒரு மகன் இருந்து, அவன் கப்பலில் சேர்ந்து, அந்தக் கப்பல் தூத்துக்குடிக்கு உப்பு ஏற்ற வரக் கூடாதா? இவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

ஒரு கிரேக்கக் கேப்டன் பாதிக் கையெழுத்தில் பேனாவை நிறுத்தி, காதுக்குள் விரலை விட்டு, விரலைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். மறுநாள் மானேஜர் கூப்பிட்டார்.

"என்னவே, கப்பக்காரன் காதையே பாக்கீராமே. அவன் காதுக்குள்ள சரக்கா ஏத்திருக்கு?"

"இல்ல சார்."

"பின்ன? நீரு பாத்த பார்வையில அவன் டாக்டர்ட்டப் போணும்னு நிக்கான்."

நான் பிறந்தது வெள்ளைக்காரன் போவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால். அம்மா கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். துரைமார் வந்து தங்கிப்போகும் ஒரு பங்களாவில் வேலைக்கு இருந்தாள். எனக்கு ஆறு வயதாகும்போது டைபாய்டில் போய்விட்டாள். பிறகு மாமா வீடு. நல்ல மனிதர்கள். சோறு போட்டார்கள், மீன் போட்டார்கள், பதில் மட்டும் போடவில்லை. ஒரு தடவை சாப்பிடும்போது மாமியிடம் கேட்டேன். "ஏலே, சாளை மீனு, முள்ளு பாத்துத் தின்னு. மத்ததெல்லாம் பொறவு பேசலாம்" என்றாள். அதற்கப்புறம் முப்பது வருடம் முள்ளுப் பார்த்துத்தான் தின்றேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு "வெள்ளப் பாச்சா" என்று பெயர். பாச்சா என்றால் எங்கள் பக்கம் கரப்பான். தேங்காய் நார் நிறத்தில் தலைமுடி, சாம்பல் கண், வெயிலில் பத்து நிமிடம் நின்றால் தோலுரியும் மூக்கு. கடற்கரையில் பிறந்தவனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதது, சமையற்காரனுக்குப் புகை ஒத்துக்கொள்ளாதது போல.

எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. நாலு நூற்றாண்டுக்கு முன் ஞானஸ்நானம் வாங்கியபோது போர்த்துகீசியப் பெயர்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டவர்கள் எங்கள் ஆட்கள். தெருவில் நின்று ஒரு குடும்பப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், லிஸ்பனில் திரும்புவதைவிட அதிகம் பேர் இங்கே திரும்புவார்கள். கன்னங்கரேலென்று, துளி கலப்பில்லாமல். ஊர் முழுக்க வெள்ளைக்காரன் பெயரை வைத்துக்கொண்டு கறுப்பாக இருக்க, வெள்ளையாக இருந்த எனக்கு மட்டும் என் வெள்ளைக்காரனின் பெயர் தெரியாது. மாமாவின் குடும்பப்பெயரைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் சில ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இருந்தன. ஊர் அவர்களைச் சட்டைக்காரர் என்று சொல்லும். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். என் இங்கிலீஷ் சரக்கு ரசீதில் பழகிய இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு நடனத்தின் நடுவே பேச முடியாது. "உங்கள் அப்பா எந்த ஊர்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கேக் வாயிலிருந்ததால் தப்பித்தேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு, அவன் மாமா வீட்டில் சாப்பிடுவான் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். மாமா வீட்டில், அவன் சட்டைக்காரர்களோடு இருப்பான் என்று விட்டுவிட்டார்கள். யார் மேலும் குற்றமில்லை. கயிற்றுக்கடை மாடியில் வாடகைக்கு இருந்த என் அறையில் பன்னும் வாழைப்பழமும் தின்றுகொண்டே இரண்டு பக்கத்துப் பாட்டையும் கேட்டேன். நடுவில் இருப்பதில் அந்த ஒரு வசதி உண்டு.

இனி ஓர் ஆசிரியை.

புதுத் துறைமுகத்தில் எங்கள் ஆபீஸ் ஒரு கொட்டகை போட்டிருந்தது. வாரத்தில் நாலு நாள் முத்தையாபுரம் பஸ்ஸில் போவேன். அதே பஸ்ஸில் அவளும் வருவாள். முத்தையாபுரத்தில் ஆரம்பப் பள்ளியில் வேலை, தூத்துக்குடியில் சித்தி வீட்டில் இருப்பு, சொந்த ஊர் தெற்கே ஒரு கடற்கரை கிராமம். தம்பி தங்கைகளைக் கரையேற்றி முடிக்கும்போது அவளுக்கு முப்பத்திரண்டு ஆகியிருந்தது. முதல் ஆறு மாதம் பேசவில்லை. ஒரு நாள் டிரைவர் பிரேக் போட்டதில் என் சாப்பாட்டு டப்பா அவள் மடியில் கவிழ்ந்தது. "தெனமும் இதே புளிச்சோறா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வாரத்தில் நாலு நாள், இருபது இருபது நிமிடம் எனக்கு ஒரு குடும்பம் இருந்தது.

அப்பாவைப் பற்றிக் கேட்டாள். கேட்கத்தானே செய்வாள், முகத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். கப்பல் என்ஜினீயர், நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே கொழும்புக்கு அந்தப் பக்கம் கடலில் போய்விட்டார் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே துக்கமாக இருந்தது. அந்த வருடம், இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளில் அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்பதாகச் சொன்னாள்.

"பேரு என்ன? சாமியார்ட்ட பேரு குடுக்கணும்லா."

"கடல்ல போன எல்லாருக்கும்னு சொல்லி வையிங்க. அவருக்கும் சேந்துரும்."

எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று நினைத்திருப்பாள்.

கல்யாணம் என்று பேச்சு வந்தபோதுதான் என் தொண்டையில் முள் நின்றது. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று. பூசை நடுவே, மொத்தக் கோயிலும் கேட்க. அந்த "இன்னார் மகன்" என்ற இடத்தில் எனக்கு என்ன வாசிப்பார்கள்? அங்கே விழப்போகும் அமைதி தூக்கத்தில்கூட எனக்குக் கேட்டது. தடை சொல்ல வெளியாள் வேண்டியதில்லை, நானே இருக்கிறேன்.

"ஓலைக்குக் குடுத்துருவமா?" என்று மாதத்துக்கொரு தடவை கேட்பாள்.

"ஒரு தாள் வரணும்."

"என்ன தாளு?"

"ஆபீஸ் தாள்."

"நான் ஒங்களத்தான கட்டப்போறேன், ஒங்க ஆபீசையா?"

ஆக, பெயர் வேண்டும். காதுகளின் வழியாகக் கிடைக்கவில்லை என்றதும் கோயிலுக்குப் போனேன். ஞானஸ்நானப் பதிவேட்டை வைத்திருப்பவர் உபதேசியார். கோயில் சாவி, மெழுகுவத்தி, ஓலை எழுதிக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆபீஸில் வயதுக்குச் சான்று கேட்கிறார்கள் என்று பொய் சொன்னேன். என் பக்கத்தை விரித்து வைத்தார். தாய் பெயர் இருந்தது. தகப்பன் என்ற இடத்தில் லத்தீனில் "தெரியாது" என்று எழுதியிருந்தது, அழகான கையெழுத்தில். லத்தீனில் பார்க்கும்போது ஏதோ பட்டம் மாதிரி இருந்தது.

அடுத்த துப்பு லாஞ்சு டிரைவரிடம் கிடைத்தது. "ஒங்கம்மை வேலை பாத்த பங்களாவுல, முத்துப் பாரு பாக்க வார தொரைமாருதான் தங்குவாவன்னு எங்கய்யா சொல்லுவாரு. அவியளுக்கு முங்குன ஆளு ஒருத்தரு இன்னும் இருக்காரு" என்றார். பார் என்பது கடலுக்கடியில் சிப்பி விளையும் திட்டு. முத்துக் குளிக்கும் அளவுக்குச் சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் வருவார்கள். ஆட்களை முங்கச் சொல்லி, மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, எண்ணி, அறுத்துப் பார்த்து, பெரும்பாலான வருடங்களில் "இன்னும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். என் குலம் அந்த இலாகாவில் தொடங்கியது என்றால் பொருத்தந்தான்: பரிசோதனை ஏராளம், முத்து இல்லை.

அந்த முங்குகிறவர் இருந்தது பஸ்ஸில் வரும் ஆசிரியையின் ஊர். அதே தெரு.

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். திட்டம் பிரமாதமாக இருந்தது. அவள் மாதத்தின் முதல் ஞாயிறுதான் ஊருக்குப் போவாள். நான் மூன்றாவது ஞாயிறு போவது. ஆண்கள் கடலுக்குப் போயிருப்பார்கள், பெண்கள் சமையலில் இருப்பார்கள், தெருவில் கோழி மட்டும் இருக்கும். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதினொன்றரை பஸ்ஸில் திரும்பிவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். எந்தக் கடற்கரைப் பிள்ளைக்கும் இது பாலோடு புகட்டப்பட்ட விஷயம். தூத்துக்குடியில் பிறந்து முப்பத்தேழு வருடம் அந்தக் கோயில் மணியைக் கேட்டவன் இதை மறந்தேன். ஆபீஸ் லீவு ஞாயிறு. எனக்குத் தெரிந்த ஒரே ஞாயிறு அதுதான். மணலில் கால் புதையத் தெருமுனை திரும்பியபோது ஊர் மொத்தமும் தெருவில் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் சீட்டுக்கட்டு, ஒரு பக்கம் பேப்பர், நாலு வீடு தள்ளி ஒரு சின்னப் பந்தல்.

பெரியவர் தன் வாசலில் கவிழ்த்த உரல்மேல் உட்கார்ந்திருந்தார். என் நிறத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க தொரை. மனு போன மாசமே குடுத்தாச்சு" என்றார். அவர் கணக்கில், உதவித்தொகை விசாரிக்க எவனோ அதிகாரி வந்திருக்கிறான். மருமகள் எட்டிப் பார்த்து, "சத்தமாச் சொல்லுங்க. முங்கி முங்கி ரெண்டு காதும் போச்சு அவருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மெல்லிய குரலில் ஆரம்பித்தேன். அவர் அன்பாகத் தலையாட்டினார். கொஞ்சம் கூட்டினேன். ஆட்டினார். தெரு சீட்டை நிறுத்தியது. அந்த இடத்தில் திரும்பிப் போயிருந்தால் நான் இன்று வேறு ஆள். ஆனால் அதற்காக அவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்ற கணக்கு. நான் கத்தினேன்: அந்தப் பங்களாவில் வேலை பார்த்தவள் என் அம்மா, அங்கே தங்கிய துரை யார், அவர்தான் என் தகப்பனா, அவர் பேர் என்ன.

பெரியவர் சீட்டாடுகிறவர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவர், வயிற்றில் சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, உதவி செய்யும் எண்ணத்தில் முழங்கினார்:

"தாத்தா! இவிய அம்மையோட இருந்த வெள்ளைக்காரன் யாருன்னு கேக்காவ! பேரு தெரியணுமாம்!"

"ஏலே, கொஞ்சம் மரியாதையாக் கேளு" என்றார் இன்னொருவர்.

"மரியாதையாச் சொன்னா அவருக்குக் கேக்காதுல்லா."

பெரியவருக்கு இப்போது விளங்கிவிட்டது. என்னை வெகுநேரம் பார்த்தார். "நீ அவ மவனா?" என்றார். 'தொரை' போய் 'நீ' வந்ததில் எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

"தொரைமாரு வருசத்துக்கு ஒருத்தன் மாறுவானே. ஒருத்தனுக்கு வள்ளத்துல ஏறுனாலே வாந்தி. ஒருத்தன் சிப்பிய எண்ணிக்கிட்டே இருப்பான், எங்கள எண்ண மாட்டான். பேரு எவனுக்குத் தெரியும்? தொரைன்னா தொரை." மறுபடி உரல்மேல் உட்கார்ந்தார். "ஒங்கம்மையத் தெரியும். சாப்பாட்டுக் கூடையக் கொண்டாந்து கரையில வச்சிட்டு நிப்பா. தொரைக்குப் போவ எங்களுக்கும் தருவா. நல்லாச் சிரிப்பா. அப்பமே எனக்கு ஒரு காது போயிட்டுது. அவ சிரிப்பு அந்தக் காதுலயும் கேக்கும்."

அம்மா சிரிப்பாள் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. அதை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், "காது! அந்தத் தொரைமாரு காது எப்படி இருக்கும்? இப்படியா?" என்று கத்திக்கொண்டே முகத்தைத் திருப்பி என் வலது காதை அவரிடம் காட்டினேன்.

முகம் திரும்பிய பக்கத்தில்தான் அந்தப் பந்தல் இருந்தது. பந்தல் வாசலில் அவள், டம்ளர் நிறைந்த தட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அண்ணன் பிள்ளைக்கு ஞானஸ்நானம், இந்த ஞாயிறு ஊருக்குப் போகிறேன் என்று வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சொல்லியிருந்தாள். நான் காதுகளை நினைத்துக்கொண்டு "சரி சரி" என்றிருந்தேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு அவள் அண்ணன் வந்தார். "வெயில்ல நிக்கிய, மூஞ்சி செவந்து போச்சு. வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார். பந்தியில் உட்கார்ந்தேன். எல்லாரும் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். யாரும் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு பேர் நடுவில், அவ்வளவு கறியோடு, அப்படித் தனியாக நான் எந்தக் கிறிஸ்துமஸிலும் சாப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவள் வந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. நான் நின்றுகொண்டேன்.

"எங்கண்ணன் 'அதனால என்ன'ன்னுட்டான்" என்றாள். "எங்கம்மை, 'புள்ளைக நல்ல நெறமாப் பொறக்கும்'ங்கா."

எனக்குள் மேளம் கேட்க ஆரம்பித்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அவியளுக்கெல்லாம் சரிதான். நான்தான் ரெண்டு வருசமா, இல்லாத என்ஜினீயருக்கு ஜெபம் பண்ணிட்டு வாரேன். பூசை வேற. செவிடருகிட்டப் போயி ஊரே கேக்கச் சொன்னத, தெனமும் பக்கத்துல இருந்தவகிட்ட மெள்ளச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க..."

"நான் என்ன சொல்லிருப்பேன்னு இனி ஒங்களுக்குத் தெரியாதுல்லா."

பள்ளிக்கூடத்து நிறுத்தம் வந்தது. இறங்கிப் போனாள். டப்பாவில் அன்றும் புளிச்சோறுதான்.

மூன்று மாதத்தில் சாத்தான்குளம் பக்கம் மாற்றல் வாங்கிப் போனாள் என்று கேள்விப்பட்டேன். தகப்பனைத் தேடுவதையும் நிறுத்திவிட்டேன். ஞானம் வந்து நிறுத்தவில்லை. பெயர் கிடைத்தால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கேப்டன்கள் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்கள். புதுத் துறைமுகம் திறந்தது. கப்பல் கரைக்கே வந்தது, லாஞ்சுக்கு வேலை குறைந்தது. கயிற்றுக்கடை மாடியில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவுவது சுலபம். சில நாள் கண்ணாடியில் முகம் மழிக்கும்போது சிரித்துப் பார்ப்பேன். அம்மாவின் சிரிப்பு இப்படித்தான் இருந்திருக்குமா என்று. என் சிரிப்புக்குச் சத்தமே வராது. அதில் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த வருடம் ஒரு ஞாயிறு, பூசை நடுவே ஓலை வாசித்தார்கள். சித்தி வீடு எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தது என்பதால் இங்கேயும் வாசிக்க வேண்டியிருந்தது போலும். சாத்தான்குளம் பக்கத்து வாத்தியார் ஒருவர், இன்னார் மகன். அவள், இன்னார் மகள். முதல் ஓலை. என் வாழ்நாளில் ஓர் ஓலையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நான் கேட்டது அன்றுதான். பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு குழந்தை அழுதது. தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை.

பூசை முடிந்தும் உட்கார்ந்திருந்தேன். கோயில் காலியானது. உபதேசியார் சாவிக்கொத்தோடு வந்து, "என்ன, இன்னும் எந்திரிக்கலையா?" என்றார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயதுச் சான்று பொய் என்பதிலிருந்து ஓலையில் என் தகப்பன் பெயர் வரும் இடத்தை நினைத்து நினைத்து நான் நாளைக் கடத்தியதுவரை. பலிபீடத்துப் படியில் உருகிக் கிடந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"தகப்பன் பேரு தெரியாட்டா தாய் பேர மட்டும் எழுதுவோம்" என்றார். "இன்னாள் மகன்னு. எங்கய்யா இந்த வேலையில இருந்த காலத்துலேருந்து இங்கன அப்படித்தான். வருசத்துக்கு நாலஞ்சு வரும்."

"யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்களா?"

"ஓலை வாசிக்கும்போது எவன் கவனிக்கான்? இன்னைக்கு முன்ன நீரு கவனிச்சிருக்கீரா?"

அவர் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு போய், கடைசி ஜன்னலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்காவே இம்புட்டு நாளு கட்டாம இருந்தீரு? நான், ஒமக்கு எவனும் பொண்ணு குடுக்கலைன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."